பார்த்தவர் பெயர்

நீர் ஏறிக்கொண்டிருக்கிறது, குழாயின் மேல் துளையிட்டுச் செருகிய கண்ணாடிக் குழலுக்குள், நடுங்கி நடுங்கி, ஒரு கோடு, இன்னொரு கோடு, எவ்வளவு கண்ணு என்று பம்பின் இரைச்சலுக்கு மேல் அப்பா கத்துகிறார், இருபத்தேழுங்கப்பா என்கிறேன், பதினொரு வயது எனக்கு, கோவை கணபதியில் எங்கள் பட்டறை, அப்பா சோதனை நோட்டில் இருபத்தேழு என்று எழுதி, பார்த்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரைப் போடுகிறார், பார்த்தது நான், ஆனாலும் அப்போது உறுத்தவில்லை, அப்பாவின் கண் நான்தான் என்று பெருமையாகக்கூட இருந்தது. ஓடுற தண்ணி குழாயை எவ்வளவு அழுத்துதுன்னு இப்படிக் குழல் செருகிப் பார்த்தவரு டேனியல் பெர்னூலி, சுவிட்சர்லாந்துக்காரரு, முந்நூறு வருசம் ஆகப்போகுது என்பார் அப்பா, அவர் சொல்லாமல் விட்ட மீதியைக் கல்லூரி நூலகத்தில் படித்தேன், டேனியலின் அப்பா யோஹானும் கணித மேதை, பாரிசில் ஒரு பரிசை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள், மகனுக்குச் சமமாக நிற்கப் பொறுக்காமல் வீட்டுக்குள் வராதே என்றுவிட்டார் அந்த அப்பா, பிறகு மகனைப் போலவே நீரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, மகனுடையதற்கு முந்தைய வருஷத்தை அதில் போட்டுக்கொண்டார், மகனோ தன் புத்தகத்தின் முகப்பில் யோஹானின் மகன் டேனியல் என்றுதான் அச்சிட்டிருந்தார், அந்த வரியில் விரலை வைக்கிறேன், டேனியலின் பாசல் நகரத்துப் பனி என் கழுத்தில் இறங்குகிறது, கதவு சாத்தியிருக்கிறது, தட்டுகிறேன், திறப்பது அம்மா.

அது எங்கள் வீட்டுக் கதவுதான், பம்புக்குள் சுழலும் இறக்கைக்கு நான் வரைந்த வளைவுக்கும் அப்பாவின் வார்ப்புக்கும் சேர்த்துத் தொழில் சங்கத்தார் ஒரே பரிசு கொடுத்த சாயங்காலம், மேடையில் சிரித்தவர் வீட்டில் சட்டையைக்கூடக் கழற்றாமல், எங்கூடச் சரிபாதியா நீ என்கிறார், பெத்த மவதானுங், பக்கத்து வீட்டுக்காரியா என்கிறாள் அம்மா, அப்ப நீயும் அவகூடக் கெளம்பு என்கிறார், நான் மட்டும் கிளம்பினேன், அடுத்த மாதம் சங்க மலரில் என் வளைவு, கீழே அப்பா பெயர் மட்டும், நான் வரைந்த நாளுக்கு ஒரு வருஷம் முந்தைய தேதி. ஒன்பது வருஷம் திருச்சியில் பிள்ளைகளுக்குப் பெர்னூலியை நடத்தினேன், அந்த முகப்பு வரியை மட்டும் சொன்னதில்லை, நேற்று போனில் அம்மா, உங்கப்பனுக்குக் கோடு தெரியறதில்ல அம்மிணி, உத்தேசமா எழுதி வெச்சுக்கறாரு, வித்த பம்பெல்லாம் திரும்பி வருது, சொன்னாக் கடிக்க வர்றாரு. பஸ்ஸில் உட்கார முடியவில்லை, போகிறேனா, பாதியில் இறங்கிவிடுவேனா, பல்லடம் தாண்டியும் தெரியவில்லை.

பட்டறையில் அதே இரைச்சல், குழலில் மூக்கு ஒட்ட நிற்கிறார் அப்பா, நான் பின்னால் போய் நிற்கிறேன், திரும்பவில்லை, எவ்வளவு என்கிறார், யாரிடமோ கேட்பதுபோல. முப்பத்தொண்ணுங்கப்பா. பேனா ஒரு கணம் நிற்கிறது, பிறகு எண்ணைக் கோணலாக எழுதுகிறார், பார்த்தவர் கட்டம் வந்ததும் நோட்டை என் பக்கம் தள்ளுகிறார், உன்ற பேரைப் போடு. என் வாய் சும்மா இருக்கவில்லை, தேதி எதைங்கப்பா போட என்கிறேன், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார், இன்னிக்குத் தேதியே போடு, அந்த மலரையும் எடுத்து வெச்சிருக்கறேன், அதையும் நீயே திருத்து. பெயரை எழுதுகிறேன், அதற்கு முன்னால் அவர் பெயரின் முதல் எழுத்து தானாக வந்து உட்காருகிறது, நிமிர்ந்தால் குழலுக்குள் நீர் நடுங்குகிறது, கோடுகள் கலங்கி ஒன்றோடொன்று சேர்கின்றன, எவ்வளவு கண்ணு என்கிறார், இருங்கப்பா, எனக்கும் தெரியலைங்க.