ஏழு ரிவெட்டுகள்

பஸீஹாவுக்கு ஐந்து மாதமாக ஒழுங்கான நித்திரை இல்லை. ஊரில் காரணம் கேட்டால், "ஊட்டு வளவுக்குள்ள பிளேன் செஞ்சா யாருக்குத்தான் நித்திர வரும்?" என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? குறிஞ்சிப்பிட்டியின் வாய்க்குக் கந்தூரி விருந்துச் சட்டியின் மூடியும் காணாது. ஆனால் ஊர் சொன்ன காரணம் பிழை. அவளுடைய நித்திரையைக் கெடுத்தது முழு விமானமும் அல்ல. அதன் இடது இறக்கையின் அடிப்பக்கத்தில், வெளியே இருந்து பார்த்தால் மினுக்கென்று சிரித்துக்கொண்டிருந்த ஏழு ரிவெட்டுகள்.

அவளுடைய கணவன் முஸம்மில் பதினாலு வருடம் ஷார்ஜாவில் விமானங்களுக்குத் தகடு மாற்றும் வேலை செய்தவன். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் டீவியும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். இவன் ஓர் ஆசையைக் கொண்டுவந்தான். ஆறு வருடத்துக்கு முன் பெரிய பெரிய மரப்பெட்டிகள் லொறியில் வந்து இறங்கின. உள்ளே அலுமினியத் தகடுகள், விலா எலும்பு மாதிரி வளைந்த சட்டங்கள், பைபையாக ரிவெட்டுகள், இதையெல்லாம் எப்படிச் சேர்ப்பது என்று சொல்லும் தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம். வெங்காயம் உலர்த்தும் கொட்டிலைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு பேர் உட்காரும் ஒரு குட்டி விமானத்தை அங்கே செய்யத் தொடங்கினான். அடுத்த வளவு முஃப்லிஹா ஒவ்வொரு பெருநாளைக்கும் வேலியால் எட்டிப் பார்த்து, "பஸீஹா, ஒங்கட பிளேன் இன்னம் முட்ட போடல்லயா?" என்று கேட்பாள்.

முதல் வருடம் பஸீஹா கொட்டில் பக்கமே போகவில்லை. கோபந்தான். பதினாலு வருடம் கடல் கடந்து நின்ற மனுசன் வந்ததும் வராததுமாகத் தகரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டால் எந்தப் பெண்ணுக்குத்தான் எரியாது? ஆனால் ரிவெட் அடிப்பது ஒற்றை ஆள் வேலை அல்ல. ஒருவர் வெளியே நின்று காற்றுத் துவக்கு என்கிற துப்பாக்கிச் சுத்தியலால் ரிவெட்டின் தலையில் அடிக்க வேண்டும். மற்றவர் தகட்டுக்கு உள்ளே கையை விட்டு, கைக்கு அடக்கமான ஓர் உருக்குக் கட்டியை அதன் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடிக்கிற அடியில் வால் நசுங்கிப் பொத்தான்போலப் பரந்தால்தான் இரண்டு தகடும் ஒன்றையொன்று விடாது. கூலிக்கு வந்த ஆட்களின் கை தடிப்பு, சட்டத்து ஓட்டைக்குள் நுழையவில்லை. பஸீஹாவின் கை மெலிந்த கை. ஒரு நாள் தேத்தண்ணி கொண்டுபோனவள், "இஞ்ச தாங்க அத" என்று கட்டியை வாங்கியவள்தான், பிறகு திருப்பிக் கொடுக்கவே இல்லை.

கம்ப்ரசர் இரைச்சலில் இருவரும் காதை மூடிக்கொள்வதால் பேச்சுக்கு இடமில்லை. தகட்டில் தட்டித்தான் கதை. உள்ளேயிருந்து ஒரு தட்டு என்றால் ஆயத்தம், அடிக்கலாம். இரண்டு தட்டு என்றால் விரலால் தடவிப் பார்த்தேன், வால் நன்றாக நசுங்கியிருக்கிறது. மூன்று தட்டு என்றால் பிழை, கழற்ற வேண்டும். பிழையானதைத் துளை பெருக்காமல் ட்ரில்லால் கழற்றுகிற வேலையில் பஸீஹா முஸம்மிலையே மிஞ்சினாள். ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரிவெட். கல்யாணம் முடித்த இருபத்தொரு வருடத்தில் வாயால் பேசியதைவிடத் தகட்டில் பேசியதுதான் அதிகம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு போன நோன்போடு நின்றுபோனது.

அன்றைக்குப் பதினேழாம் நோன்பு. இடது இறக்கையின் அடித்தகடு. காலையிலிருந்து எண்பது ரிவெட் அடித்தாகிவிட்டது, இன்னும் ஏழு. நோன்பு திறக்க ஐந்து நிமிடம்கூட இல்லை. கஞ்சி அடுப்பில் கிடந்தது, பேரீச்சம்பழம் எடுத்துவைக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, தோள்வரை உள்ளே போன கை மரத்துப்போய்க் கட்டி இருக்கிறதா விழுந்ததா என்றே தெரியவில்லை. முஸம்மில் ஏழு விரலைக் காட்டிக் கண்ணால் கெஞ்சினான். முடித்துவிட்டே எழும்புவோம் என்று அர்த்தம். அவள் ஒன்று தட்டினாள். அவன் அடித்தான். அவள் தடவிப் பார்க்காமலே இரண்டு தட்டினாள். ஏழு தடவையும் அப்படியே. நடுவில் ஒரு முறை கட்டி சறுக்கியதைக் கை உணர்ந்தது. உணர்ந்தும் இரண்டுதான் தட்டினாள், ஏனென்றால் காதுமூடியையும் தாண்டிப் பள்ளிவாசலின் நோன்பு திறக்கும் பாங்கு கேட்கத் தொடங்கிவிட்டது.

அடுத்த நாள் அவள் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பிச் சமைத்து, பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்து, பதறிக்கொண்டு கொட்டிலுக்குப் போவதற்குள் அவன் அந்த இடத்தின் வாசலை அடுத்த தகட்டால் அடைத்துக் உள்ளே ஆள் பிடிக்கத் தேவையில்லாத குருட்டு ஆணிகளும் அடித்துவிட்டான். கண்ணாடியை விட்டுப் பார்க்கவும் வழியில்லை. "உள்ள இரிக்கிற ஆள் சரி எண்டாச் சரிதான்" என்பது அவனுடைய சட்டம். அந்தச் சட்டத்தின்மேல் ஒரு மனுசன் ஆயிரம் அடி உயரத்தில் ஏறி உட்காரப் போகிறான். 

சொல்லாமல் இருந்தாளா? சொல்லப் போனாள். போன ஒவ்வொரு தடவையும் அவனுடைய முகத்தைப் பார்த்துத் திரும்பி வந்தாள். தென்மேற்குக் காற்று தொடங்கிய பிறகு அவனுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. விடிய சுபஹு தொழுதுவிட்டு நேரே கொட்டிலுக்குப் போய், விமானத்தின் வாலடியில் குனிந்து ஓர் இடத்தைப் பெருவிரலால் அழுத்துவான், தடவுவான், நிமிர்ந்து வருவான். சாப்பாட்டுக்கு நடுவில் எழும்பிப் போய் அதையே செய்வான். பிள்ளையைத் தடவிக் கொடுக்கிற மாதிரி இருக்கும் அவளுக்கு. இவ்வளவு ஆசை வைத்த மனுசனிடம் போய் எப்படிச் சொல்வது?

வருகிற திங்கட்கிழமை கொழும்பிலிருந்து விமானப் பரிசோதனை அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. அவர் பார்த்துக் கையெழுத்து வைத்தால் இறக்கையைக் கழற்றி லொறியில் ஏற்றி ஓடுபாதைக்குக் கொண்டுபோகலாம். பிறகு முதல் பறப்பு. அதிகாரியின் கண்ணும் அந்த ஏழுக்குள் போகாது என்பது பஸீஹாவுக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. இவள் மறைத்தது ஏழு கடுகு, ஆனால் அதில்தான் ஓர் உயிர் தொங்கியது.

வியாழக்கிழமை பின்னேரம் துணிந்துவிட்டாள். "இஞ்சப் பாருங்க, நோன்பு நாள்ல ஒரு வேல செஞ்சமே, இடது பக்கம்..."

"அண்டைக்கு எண்பத்தேழு!" என்றான் முஸம்மில், முகம் மலர்ந்து. "நோன்போட எண்பத்தேழு. ஷார்ஜாவில ரெண்டு ஆம்புளைகள் சேந்தாலும் அப்பிடிச் செய்ய மாட்டாங்க. உன்ட கை இல்லாட்டி இந்தப் பிளேன் இன்னம் பெட்டிக்குள்ளதான்."

அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். தன்மேல் வந்த வெறுப்பில் இரவுச் சோறு இறங்கவில்லை. வாயால் சொல்ல முயன்றால் நாளைக்கும் இதே கதைதான், திங்களும் இதே கதைதான் என்று புரிந்தது. திருப்பி விழுங்க முடியாத ஒன்றைச் செய்தால்தான் உண்டு.

வெள்ளிக்கிழமை முஸம்மில் குளித்து, அத்தர் பூசி, ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டான். அவனுடைய மோட்டார் சைக்கிளின் சத்தம் தென்னந்தோட்டத்தைத் தாண்டியதும் பஸீஹா கொட்டிலைத் திறந்தாள். ட்ரில்லில் சின்ன அலகைப் போட்டாள். யா அல்லாஹ் என்று மூச்சை இழுத்துக்கொண்டு முதல் ரிவெட்டின் நடுவில் அலகை வைத்தாள். தலை சுருண்டு கழன்று வந்ததும் அடுத்ததற்குப் போனாள். பள்ளிவாசலின் குத்பாப் பிரசங்கம் ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது, தகரக் கூரையைக் காற்று பிடித்து உலுக்கியது, அவள் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனாள். அந்த ஏழு ரிவெட்டை மட்டும் தொடவில்லை. அவற்றைக் கண்ணால் பார்ப்பதற்காகப் அவன் அடைத்த பக்கத்துத் தகட்டில் நாற்பத்தொன்றைக் கழற்ற வேண்டியிருந்தது. விளிம்பைத் தூக்கி இரண்டு மர ஆப்பு செருகியபோது மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது.

முஸம்மில் தொப்பியோடு கொட்டில் வாசலில் நின்றான். கீழே மணலில் சிதறிக் கிடந்த ரிவெட் தலைகளைப் பார்த்தான். திறந்து கிடந்த இறக்கையைப் பார்த்தான்.

"என்ன செஞ்ச?"

பஸீஹா ஒரே மூச்சில் கொட்டினாள். பாங்கு, கஞ்சி, மரத்த கை, சறுக்கிய கட்டி, பொய்யாகத் தட்டிய இரண்டு தட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். "அஞ்சு மாசம், ஒவ்வொரு நாளும் ஒங்கள மௌத்தாக்கி மௌத்தாக்கி அடக்கம் செஞ்சன்" என்றாள்.

அவன் கத்துவான் என்று நினைத்தாள். அவனோ டோர்ச்சையும் பிடிபோட்ட கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு இறக்கைக்குக் கீழே படுத்தான். வெகுநேரம் அவனுடைய கால்கள் மட்டும் தெரிந்தன.

"நாலு நல்லம்" என்றான் கடைசியில். "ரெண்டு நசுங்கினது காணாது. ஒண்டு அப்பிடியே சரிஞ்சு படுத்துக் கிடக்கு."

வெளியே வந்து மரப்பெட்டி ஒன்றில் உட்கார்ந்தான். "வேற எங்கயாச்சும் இப்பிடித் தட்டினியா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் ஐந்து மாதமும் பயந்தாள். ஒன்பதாயிரம் ரிவெட்டிலும் இனி அவனுக்கு அவளுடைய கைமேல் நம்பிக்கை இருக்காது. "இல்ல" என்றாள். "இந்த ஏழுதான். அல்லா அறிய இந்த ஏழுதான்."

முஸம்மில் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான். 

"எனக்கிட்ட ரெண்டு எடம் இரிக்கு" என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை.

"உன்ட வாப்பா மௌத்தாகி நீ மதுரங்குளியில நிண்ட கிழம. எனக்குப் பொறுக்க ஏலாமப் போச்சு. வால் பக்கம் ஒரு கையால கட்டியப் பிடிச்சு, மத்தக் கையால அடிச்சன். பக்கத்துப் பக்கத்தில ரெண்டு எடத்தில வெடிப்பு மாதிரித் தட்டுப்பட்டிச்சு. நீ வந்ததும் செல்லுவம் எண்டு இருந்தன். நீ அழுது கொண்டு வந்த. பொறகு... தனிய அடிச்சது எண்டு செல்ல வெக்கமாப் போச்சு."

பெருவிரலால் அழுத்திய அந்த இடம். பிள்ளையைத் தடவுகிறான் என்று இவள் உருகிய அந்த இடம். பஸீஹாவுக்கு உச்சியில் ஏறியது கோபம், சாதாரணக் கோபம் அல்ல.

"அதோட பறக்கப் போனீங்களா?"

"நான் தனியத்தானே போறன். அத ஒடச்சுத் திருத்தாம உன்ன ஏத்த மாட்டன் எண்டு நினச்சிக்கிட்டுத்தான் இருந்தன்."

"கீழ நிண்டு பாக்கிறது யாரு?" பஸீஹா பக்கத்தில் கிடந்த உருக்குக் கட்டியை எடுத்து மணலில் வீசி அடித்தாள். "நீங்க மேல தனிய எண்டா, நான் கீழ யாரோடயாம்? பதினாலு வருசம் ஆகாயத்தப் பாத்துக்கிட்டு இருந்தது போதாதா எனக்கு?"

அவள் அழுதாள். அவனும் அழுதான், ஆம்பிளைகள் அழுகிற மாதிரி மூக்கைத் துடைத்துக்கொண்டு. காற்று கூரையோடு பட்ட பாடு ஓயவில்லை. பிறகு முஸம்மில் போனை எடுத்து அதிகாரியிடம் சிங்களத்தில் பேசினான். சாமான் எல்லாம் இருக்கிறது, வேலை சரியில்லை, திங்கட்கிழமை வர வேண்டாம் சேர் என்றான். எப்போது வருவது என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அவன் பஸீஹாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற ஆள் சொன்ன பிறகு அறிவிக்கிறேன் என்றான்.

"சோறு ஆறிரும், வா" என்றான் போனை வைத்துவிட்டு.

"ஆறட்டும். எடத்தக் காட்டுங்க."

அவன் வாலடியில் குனிந்து பென்சிலால் இரண்டு வட்டம் போட்டான். பஸீஹா சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, ஓட்டைக்குள் கையை விட்டாள். விரல் நுனியால் முதல் வாலைத் தடவினாள், அவசரப்படாமல், சுற்றிச் சுற்றித் தடவினாள். வெளியே முஸம்மில் தகட்டில் உள்ளங்கையை வைத்துக் காத்துக்கொண்டிருந்தான். அவள் மூன்று முறை தட்டினாள்.