நாத்தனாரின் காலுறை

மலைக்கோயிலுக்கு நடந்து போக ஒன்பது நாள் ஆகும். எனக்கும் என் நாத்தனாருக்கும் சேர்ந்தாற்போல் ஒன்பது நாள் ஒன்றாக இருந்து பழக்கமில்லை. அவள் வீட்டுக்கு நான் போனாலும் சரி, என் வீட்டுக்கு அவள் வந்தாலும் சரி, மூன்றாம் நாள் யாராவது ஒருத்தி பெட்டியைக் கட்டிவிடுவோம். இரண்டு பேரும் சேர்ந்து புறப்படுகிறோம் என்றதும் என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்தார். போகும்போது இரண்டு பேர், வரும்போதும் இரண்டு பேராக வந்தால் அதுவே போதும் என்றார்.

வேண்டுதல் அவளுடையது. மகன் மூன்று வயதில் காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது, நடந்தே வந்து நன்றி சொல்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். இன்றைக்கு நாளைக்கு என்று இருபத்து நாலு வருஷம் ஓடிப்போயிற்று. போன முறை தனியாகப் புறப்பட்டு, ஆறாம் நாள் வயிறு கெட்டு, காரில் திரும்பி வந்தாள். அதற்கப்புறம் இரண்டு வருஷம். வழியில் ஒரு மைல் வண்டியில் ஏறினாலும் அந்த நடை செல்லாது, மறுபடி முதலிலிருந்துதான். ஒவ்வொரு சத்திரத்திலும் அட்டையில் முத்திரை குத்தித் தருவார்கள். பாதி நிரம்பிய அந்தப் பழைய அட்டையை அவள் தலையணைக்கு அடியில் வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்போது வயது ஐம்பத்தெட்டு, சர்க்கரை வேறு. இந்த முறை விட்டால் இனிமேல் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எந்தப் பிள்ளைக்காக வேண்டினாளோ அந்தப் பிள்ளைதான் குறுக்கே நின்றான். மருந்துக் கடை வைத்திருக்கிறான். சர்க்கரைக்காரர்களின் காலில் சின்னப் புண் வந்தால் என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறவன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டான். தினமும் மத்தியானம் இரண்டு பாதத்தையும் படம் எடுத்து அவனுக்கு அனுப்ப வேண்டும். புண் என்று ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே கார் வரும்.

நான் தையல்காரி. என்னால் ஆனது, அவளுக்கு இரண்டு ஜோடி காலுறை தைத்துக் கொடுத்தேன். நல்ல பனியன் துணி, இரண்டு மடிப்பு. என் கடையில் பிசிறு வெளியே தெரிய எதையும் தைத்துக் கொடுத்ததில்லை. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலும் வெளிப்பக்கம் மாதிரியே இருக்கும். காலுறையையும் அப்படியே ஓரமெல்லாம் இரண்டு தடவை மடித்துத் தையல் அடித்தேன். எனக்குத் தைத்துக்கொள்ள நேரமில்லை. கடையில் வாங்கின பழசைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நடை என்பது பக்தியை விடப் பையைப் பற்றியது என்று முதல் நாளே புரிந்தது. முதல் சத்திரத்திலேயே இரண்டு பேரும் பாதிச் சாமானை எடுத்து அங்கேயே விட்டுவிட்டோம். பையின் பட்டையைத் தோளில் தொங்கவிடாமல் இடுப்பில் இறுக்கினால் பாரம் பாதி குறையும். வெளுக்கும்போதே கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் முக்கால் தூரத்தை முடித்துவிட வேண்டும். துவைத்த துணி காயாவிட்டால் ஊக்குப் போட்டுப் பை மேலேயே குத்திக்கொண்டு நடக்கலாம். ஏற்றத்தை விட இறக்கம்தான் முட்டியைப் பதம் பார்க்கும். இதெல்லாம் அவள் போன முறை கற்றது. எனக்குச் சொல்லிக் கொடுப்பதில் அவளுக்கு ஒரு பெருமை. நான் குறட்டை விடுகிறேன் என்பதையும் அவள்தான் சொன்னாள். என் மிஷின் ஓடுகிற மாதிரியே இருக்கிறதாம், நடுநடுவே நூல் அறுந்து நின்று மறுபடி ஓடுகிறதாம்.

மூன்றாம் நாளிலிருந்து பேச்சு குறைந்தது. நாலாம் நாள் எனக்குப் பின்னால் வர ஆரம்பித்தாள். நின்று பார்த்தால், பறவை பார்க்கிறேன் என்பாள். வாய் மூடாதவள் இப்படி ஆகிவிட்டாளே, பக்தி முற்றிவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். மத்தியானம் நிழலில் பை மேல் காலைத் தூக்கி வைத்து நான் படுத்தால், தூங்குங்க அண்ணி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பாள். என்ன கரிசனம் என்றும் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம், நடக்கிறவர்களுக்காகப் போட்டிருந்த ஒரு கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். அவள் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். என் போன் அடித்தது. அவள் மகன்.

"அத்தை, அம்மா பக்கத்துல இல்லையே?"

"இல்லப்பா. சொல்லு."

"அம்மாவோட பெருவிரல் நகம் எப்ப கறுத்துச்சு? மூணு நாளா படத்துல பாக்கறேன். கேட்டா வெளிச்சம் சரியில்லைங்கறா."

சர்க்கரை உள்ளவர்களுக்கு நகம் கறுத்தால் அதை லேசாக விடக்கூடாது என்றும், கடையைப் பூட்டிவிட்டு இப்போதே கிளம்புகிறேன் என்றும் சொன்னான். நான் என் காலைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இஸ்திரிப் பெட்டி விழுந்த பெருவிரல். நகம் அன்றைக்குக் கறுத்தது, இன்று வரை வெளுக்கவில்லை.

"அது உங்க அம்மா கால் இல்லப்பா. என் கால்."



"அப்ப அம்மா கால் எங்க?"

அதைத்தான் நானும் பார்க்கப்போகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

குழாயடியிலிருந்து வந்தவளை உட்கார வைத்துக் காலை நீட்டச் சொன்னேன். மாட்டேன் என்றாள். கூச்சமாக இருக்கிறது என்றாள். நீங்கள் ஏன் என் காலைத் தொட வேண்டும், வயதில் பெரியவர் என்றாள். முப்பது வருஷத்தில் ஒரு நாளும் வராத மரியாதை. நானே காலைப் பிடித்து இழுத்து ஷூவைக் கழற்றினேன். சுண்டுவிரல் ஓரம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. குதிகாலில் ஒரு கொப்புளம் உடைந்து, காலுறையோடு ஒட்டியிருந்தது.

"கடையில வாங்கினது மூணு ஜோடி பையில வச்சிருக்கியே. அதை மாத்தினா என்ன?"

தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள், மூடினாள்.

"நான் கேக்காம நீங்களா எனக்குத் தச்சுக் கொடுத்தது இது ஒண்ணுதான் அண்ணி. குத்துதுன்னு எப்படிச் சொல்றது?"

உண்மைதான். வாடிக்கைக்காரர்களை முடித்துவிட்டுத்தான் வீட்டு மனுஷர்கள் என்பது என் வழக்கம். அவள் துணி எப்போதும் மூட்டையின் அடியில் கிடக்கும். மூன்று தடவை வந்து கேட்ட பிறகுதான் எடுப்பேன். காலுறையைத் திருப்பி, தையல் மேல் விரலை ஓட்டினேன். மடித்து மடித்து அடித்ததில் துணி கயிறு மாதிரி தடித்திருந்தது. கண்ணுக்கு அவ்வளவு நேர்த்தி. அதன் மேல்தான் ஒருத்தி ஐந்து நாள் நடந்திருக்கிறாள்.

அரை மைலில் சத்திரம். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து சேர்ந்தாள். வெயில் தாழும்போது மகன் வந்துவிட்டான். தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சுற்றிலும் அழுத்திப் பார்த்தான், துடைத்தான், மருந்து போட்டான். சீழ் வைக்கவில்லை, ஆனால் இரண்டு நாளைக்கு இந்தக் கால் ஷூவுக்குள் போகக்கூடாது என்றான். பிறகு கார்ச் சாவியை எடுத்தான்.

"எனக்காக வேண்டினதுதானே. நானே சொல்றேன், போதும்மா."

"நீ அப்ப மூணு வயசுப் பிள்ளை. உன்னைக் கேட்டுட்டா வேண்டினேன்?"

அவன் என்னைப் பார்த்தான். தப்பு என் தையலில் என்று அவனிடம் சொன்னேன். இரண்டு நாள் இங்கேயே தங்குகிறோம், புண் ஆறினால் நடப்போம், ஆறாவிட்டால் நானே போன் போடுகிறேன் என்றும் சொன்னேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இனிமேல் படம் வேண்டாம், அத்தை பார்த்துச் சொன்னால் போதும் என்றான்.

ஆனால் சத்திரத்தில் ஆளுக்கு ஓர் இரவுதான். பின்னால் வருகிறவர்களுக்குப் படுக்கை வேண்டாமா என்றாள் சத்திரத்துக்காரம்மா. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவளுக்குப் பின்னால் கிழிந்த தலையணை உறைகள் ஒரு குவியலாகக் கிடந்தன. அத்தனையையும் தைத்துத் தருகிறேன், எங்களுக்குத் தாழ்வாரத்தில் பாய் போட இடம் கொடுங்கள் என்றேன். அவள் உறைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஊசி டப்பாவை எடுத்து நீட்டினாள்.

இரண்டு நாளும் நான் தைத்தேன். நாத்தனார் காலை நாற்காலி மேல் நீட்டிக்கொண்டு நூல் கோத்துக் கொடுத்தாள். எங்களுக்குப் பின்னால் இருந்தவர்களெல்லாம் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவள் ஒவ்வொருவரையும் வழியனுப்பினாள். முகத்தை மட்டும் என் பக்கம் காட்டவில்லை.

மூன்றாம் நாள் காலை புண் காய்ந்து தோல் இறுகியிருந்தது. கடைக் காலுறையைப் போட்டு, ஷூவை மாட்டி எழுந்து நின்றாள். நான் காலைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

நான் பையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து போனை எடுத்தேன்.

"கொஞ்சம் இழுக்குது அண்ணி," என்றாள். "சுண்டுவிரல்கிட்ட."

ஷூக் கயிற்றை அவிழ்த்து, முன்னால் இரண்டு துளையை விட்டுவிட்டுக் கோத்துக் கட்டினேன்.

"இப்ப?"

"இப்ப இல்ல."

"நிஜமா?"

"நிஜமா."

அன்றைக்குத் திறந்த வாய் அப்புறம் ஓயவே இல்லை. மீதி நாலு நாளும் இடுப்பு, முட்டி, கெண்டைக்கால், தோள்பட்டை என்று எங்கெங்கே வலிக்கிறதோ அத்தனையும் எனக்கு வந்து சேர்ந்தது. உட்கார் என்ற இடத்தில் உட்கார்ந்தாள், ஷூவைக் கழற்று என்றால் கழற்றினாள். கடைசி ஏற்றத்தில், காதே வலிக்கிறது, நீ கொஞ்சம் பேசாமல் ஏறு என்றேன். நீங்கள்தானே சொல்லச் சொன்னீர்கள் என்று அதற்கும் ஒரு பேச்சு.

கோயில் வாசலுக்கு வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நிலைக்கதவுக்கு எதிரே அப்படியே நின்றுகொண்டிருந்தாள். ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தேன்.

"எங்க வலிக்குது?"

"எங்கயும் இல்ல அண்ணி," என்றாள். "கொஞ்ச நேரம் சும்மா நிக்கவிடுங்க."