நாய்க்குச் சொந்தக்காரர்

சாவிக்கடைக்காரரின் நாய் கண்ணாடிச் சில்லை மிதித்த அன்று ரத்தம் வந்தது அவருடைய மைத்துனனின் காலில். நாய் அப்போது தெருவில் நின்றிருந்தது; மைத்துனன் வீட்டுக்குள் கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்திருந்தான்; இடையில் ஒரு சுவரும் ஒரு சாத்திய கதவும் இருந்தன. காலை பத்தரை மணி இருக்கும். "அக்கா, என் காலைக் குத்திட்டாங்க" என்று அவன் கத்தியதைக் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடிவந்த அக்கா, ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் துடைத்த தரை என்றுதான் முதலில் சொன்னாள். நாய் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. அதன் வலது முன்னங்காலில் பச்சைச் சில்லு ஒன்று பாதி புதைந்து நின்றது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அது வாலை ஆட்டிக்கொண்டு, வாசலில் குந்தியிருந்த சாவிக்கடைக்காரரைத் தாண்டிப் போய், மைத்துனனின் முகத்தை நக்கியது.

நாயைத் தூக்கிக்கொண்டு மூவரும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே மாடு வந்து வெகு காலமாகிவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. முன்னறையில் இரண்டு பெஞ்சும் ஓர் எடைமேடையும் இருந்தன. சுவரில், அவசர நேரத்தில் செய்ய வேண்டியவை என்று ஓர் அட்டை தொங்கியது: குத்திய பொருளைப் பிடுங்காதீர்கள், ரத்தம் வந்தால் துணியை வைத்து அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். டாக்டரம்மா நாயின் காலையும் மைத்துனனின் காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சில நாய்களுக்கு இப்படித்தான் என்றார். குத்தியது நாயிடம் இருக்கும், வலி அதற்கு வேண்டியவரிடம் போய்விடும். வைத்தியம் நாய்க்குப் பார்க்க வேண்டும், குணமாவது ஆளுக்கு. போன மாதம் ஒரு நாய்க்குக் காதில் சீழ் வைத்து, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பத்து நாள் தலையைச் சாய்த்தபடியே பாடம் நடத்தினாராம். சொல்லிக்கொண்டே நாயின் வாயை நாடாவால் கட்டி, இடுக்கியால் சில்லை இழுத்தார். நாய் சும்மா நின்றது. பெஞ்சில் இருந்த மைத்துனன்தான் பக்கத்தில் நின்ற கம்பவுண்டரின் மணிக்கட்டைக் கடித்தான். அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் வாய்க்கட்டு இரண்டாக எடுத்து வைப்பது வழக்கமாயிற்று.

வினை அதற்குப் பிறகு வந்தது. கம்பவுண்டர் கடிபட்ட கையில் மருந்து தடவிக்கொண்டு, மறுகையால் பதிவேட்டைத் திறந்து, "நாய்க்குச் சொந்தக்காரர் யாருங்க?" என்று கேட்டார். சாவிக்கடைக்காரர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் வந்தார். கம்பவுண்டர் அவருடைய கால்களைக் குனிந்து பார்த்தார். இரண்டும் நன்றாக இருந்தன.

"வாங்கினது நான், குளிப்பாட்டறது நான், ஊசி போட இழுத்துக்கிட்டு வர்றது நான்" என்றார் சாவிக்கடைக்காரர்.

"வளர்க்கறவர் வேற, சொந்தக்காரர் வேற சார். சொந்தம்னா ஒட்டணும் இல்ல?" என்று சொல்லிவிட்டு கம்பவுண்டர் மைத்துனனின் பெயரை எழுதி, மையை ஊதிக் காயவைத்தார்.

மைத்துனனுக்கு அந்தத் தெருவில் சும்மா என்றுதான் பெயர். என்ன செய்கிறாய் என்று யார் கேட்டாலும் "சும்மாதான் இருக்கேன்" என்பான், அதனால். ஒரு வாரம் தங்கிவிட்டுப் போவதாக அக்கா வீட்டுக்கு வந்தவன், மூன்று வருடமாகக் கூடத்தில் படுத்திருந்தான். நாய்க்கு அவன் ஒரு வாய் சோறு வைத்ததில்லை, ஒரு உண்ணி எடுத்ததில்லை. சாவிக்கடைக்காரர் நாலு நாள் யோசித்து நாய்க்கு அழகான பெயர் ஒன்று வைத்திருந்தார். அந்தப் பெயருக்கு அது ஒரு நாளும் திரும்பியதில்லை. மைத்துனன் நாக்கைச் சொடுக்கினால் போதும், தட்டில் இருக்கும் கறியையும் விட்டுவிட்டு ஓடும். இதையெல்லாம் அவர் அதுவரை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாய்தானே, புத்தி அவ்வளவுதான் என்று இருந்தார். ஆனால் ரத்தம் வந்து சாட்சி சொன்ன பிறகு, பதிவேட்டில் மையால் ஏறிய பிறகு, எப்படிப் பொறுப்பது? அவருக்குப் பொறாமை வந்தது. சின்னப் பொறாமை இல்லை. சாப்பிட்டால் இறங்காத, படுத்தால் புரட்டுகிற பொறாமை.

அடுத்த வருடங்களில் நாய்க்கு வந்ததெல்லாம் சும்மாவுக்கே வந்தது. குளவி நாயின் மூக்கில் கொட்டியது, சும்மாவின் மூக்கு வீங்கியது. சைக்கிள் சக்கரத்தில் நாயின் வால் மாட்டியது. சும்மாவுக்கு எங்கே வலித்தது என்று அவன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை, ஒரு வாரம் குப்புறப் படுத்தான். ஒவ்வொரு முறையும் சாவிக்கடைக்காரர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, தன் உடம்பை உச்சி முதல் உள்ளங்கால் வரை தடவிப் பார்ப்பார். ஒரு கீறலாவது, ஒரு கொப்புளமாவது இருக்காதா? இருக்காது. ஒருநாள் தன் பெருவிரலில் சிவப்பைக் கண்டு வெளியே ஓடிவந்தார். அது மூட்டைப்பூச்சிக் கடி. அவருடைய மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல ஒரு ஆம்பளைக்கு ரெண்டு பொம்பளை சக்களத்திச் சண்டை போட்டுப் பார்த்திருக்கேன். ஒரு நாய்க்கு ரெண்டு ஆம்பளை போட்டு இங்கதான் பார்க்கறேன்" என்றாள். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "அவன் அது பக்கத்துல சும்மா கிடக்கறான். நீங்க வா, உட்காரு, கையைக் கொடுன்னு எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கீங்க" என்றும் சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

அவருக்கு வேறு யோசனை இருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வரும் வழியில் இறைச்சிக் கடையில் துண்டுக் கறி வாங்கி, கடையில் கட்டிக்கொள்ளும் தோல் முன்துணியின் பையில் போட்டுக்கொள்வார். உள்ளே நுழைந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து நாய்க்குத் தன் கையாலேயே ஊட்டுவார். நாய் மென்று தின்னும் ரகமில்லை, விழுங்கும் ரகம். அந்தப் பையில்தான் அவர் அரத்தால் ராவி முடித்த சின்னச் சாவிகளையும் போட்டு வைப்பது. கறி ஊட்ட ஆரம்பித்த மூன்றாவது வாரம், ஒரு வாடிக்கையாளருடைய பெட்டிச் சாவி, நகத்தளவு பித்தளைச் சாவி, காணாமல் போயிற்று. வேறொன்று ராவிக் கொடுத்துவிட்டு மறந்துபோனார்.

பத்து நாளில் சும்மாவின் கண் மஞ்சளாயிற்று. ஈறு சுவருக்கு அடித்த சுண்ணாம்பாக வெளுத்தது. வயிறு எரிகிறது என்றான், நின்றால் தலை சுற்றுகிறது என்றான். மனிதர்களைப் பார்க்கும் டாக்டர் அவனை அமுக்கிப் பார்த்து, ரத்தம் கெட்டிருக்கிறது, காரணம் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாயோ துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தது. அதன் ஈறு ரோஜா நிறத்தில் பளபளத்தது. சாவிக்கடைக்காரருக்கு மட்டும் சட்டென்று அந்தப் பெட்டிச் சாவி நினைவுக்கு வந்தது. கறியோடு போயிருக்கிறது, நோய் நாயினுடையது. உடனே நாயைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அவர் ஓடவில்லை. என் கையால் ஊட்டினேன், ஊட்டியதன் வலிகூட இவனுக்கா போயிற்று என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. மாட்டாஸ்பத்திரிக்குப் போனால் கம்பவுண்டர் பதிவேட்டைத் திறப்பார், அதே பெயரை எழுதுவார், மையை ஊதுவார். அதை இன்னொரு தடவை பார்க்க அவரால் முடியாது. நாளைக்குப் போகலாம் என்று மூன்று நாள் கடையில் உட்கார்ந்து சாவி ராவினார்.

நான்காம் நாள் மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது சும்மா கூடத்தில் அசையாமல் கிடந்தான். அவன் கிடப்பது புதிதில்லை. ஆனால் நாய் அவன் நெஞ்சின்மேல் முகத்தை வைத்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது. சாவிக்கடைக்காரர் அவனுடைய உதட்டைப் பிதுக்கி ஈறை அழுத்தினார். அழுத்திய இடம் திரும்பச் சிவக்கவில்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் நடுத்தெருவில் ஓடினார். மனைவி பின்னால் ஓடிவந்தாள்.

டாக்டரம்மா படம் எடுத்தார். நாயின் வயிற்றுக்குள் சாவி பல் பல்லாகத் தெளிவாகத் தெரிந்தது. பித்தளை வயிற்றில் கரைந்தால் ரத்தத்தையே தின்றுவிடும், உடனே கிழித்து எடுக்க வேண்டும், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். நாய்க்கு மயக்க ஊசி போட்டார். அடுத்த மேஜையில் கிடத்தியிருந்த சும்மாவின் கண்கள் செருகின. நாயின் வயிற்றில் கத்தி ஓடியது, சும்மாவின் சட்டை சிவந்தது. டாக்டரம்மாவுக்கும் கம்பவுண்டருக்கும் நாயிடம் வேலை இருந்தது. "அங்க யாராவது அழுத்திப் பிடிங்க" என்று திரும்பாமலே சொன்னார் டாக்டரம்மா. சாவிக்கடைக்காரர் துணியை மடித்து மைத்துனனின் வயிற்றில் வைத்து இரு கையாலும் அழுத்தினார். எடுத்து எடுத்துப் பார்க்கவில்லை. துணி நனைந்து, சூடு அவருடைய விரலிடுக்கில் வந்தது. எனக்கு வா, என்னிடம் வந்துவிடு என்று வலியைக் கூப்பிட்டார். ஆறு வருடமாகக் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் பதிவேட்டை நினைக்காமல் கூப்பிட்டது அன்றைக்குத்தான். ஒன்றும் வரவில்லை. சாவி தட்டில் விழுந்த சத்தம் கேட்டது. நாயின் வயிற்றைத் தைக்கத் தைக்க, அவர் கைக்கடியில் ரத்தம் நின்றது.

மாலையில் சும்மா கண் விழித்ததும் அவர் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று நாளாகத் தெரியும் என்பதையும் சொன்னார். மனைவி அங்கேயே இருந்தாள். அவள் அவருடன் பேசுவதற்கு அதன் பிறகு இரண்டு மாதம் ஆயிற்று. சும்மா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டான்.

"எனக்கு வயித்து வலி, உங்களுக்கு வயித்தெரிச்சல். ரெண்டும் ஒரே சாவிதான் மாமா" என்றான். சிரிக்கப் போய், வயிறு இழுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டான்.

இந்த முறை கம்பவுண்டர் பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தபோது, மைத்துனனின் பெயரைச் சாவிக்கடைக்காரரே எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

வயிற்றில் தழும்போடு ஒருவன் எத்தனை காலம் சும்மா இருக்க முடியும்? அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது, பிறகு ஒரு பெண் கிடைத்தாள், ரயிலில் ஒரு பகல் தூரத்தில் வீடும் பார்த்துக்கொண்டான். நாயை அழைத்துப்போகக் கேட்டான். அக்கா விடவில்லை, புது வீடு மூன்றாவது மாடி, நாய்க்கு வயதாகிறது என்றாள். அதனால் நாய் இங்கேயும் வலி அங்கேயுமாக இருந்தன. தொலைபேசி வரும். "மாமா, வலது முன்னங்கால், சுண்டுவிரல் பக்கம், முள்ளு மாதிரி இருக்கு." சாவிக்கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடி எடுப்பார். "போயிடுச்சு மாமா" என்று குரல் வரும். கடைவாய்ப் பல் ஆடியது, கண்ணில் பூளை கட்டியது, காதில் உண்ணி புகுந்தது, எல்லாம் அப்படித்தான் தெரிந்தன. அவர் நாயைக் கடைக்கே கூட்டிப் போக ஆரம்பித்தார். அது ராவுகிற மேஜைக்கடியில் படுத்துக்கொள்ளும். கறி ஊட்டுவதை அவர் விட்டுவிட்டார். பேர் சொல்லிக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். அவர் பாட்டுக்கு வேலை பார்ப்பார், அது பாட்டுக்குத் தூங்கும். இப்படி ஐந்து வருடம் போயிற்று. நாயின் முகவாய் நரைத்தது, பின்னங்கால்கள் மடங்கின. அங்கே மைத்துனன் முப்பத்தெட்டு வயதில் கைத்தடி பிடித்தான். பொறாமை தீர்ந்துவிட்டதா என்றால் தீரவில்லை. தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம், எடுப்பதற்கு முன்னால் தன் கைகால்களை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள்வார்.

ஒரு திங்கட்கிழமை காலை கடையில் மணி அடித்தது. பேசியது சும்மா.

"மாமா, எந்திரிச்சதுலேர்ந்து இடுப்பு வலியே இல்ல. படியில ஓடி இறங்கினேன். மாமா... நாய் இருக்கா?"

சாவிக்கடைக்காரர் மேஜைக்கடியில் பார்த்தார். நாய் இல்லை. அது வாசலில், எதிர்க்கடைப் பூனையைத் துரத்திக்கொண்டு, குட்டியாக இருந்தபோது ஓடியதுபோல ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து பார்க்கப் போனார், எழ முடியவில்லை. காலையிலிருந்தே அப்படித்தான் இருந்தது, இரவு கோணலாகப் படுத்துவிட்டேன் என்று நினைத்திருந்தார். இரண்டு இடுப்பும் துருப்பிடித்த கீலாக இறுகியிருந்தன. வலது பக்கம்தான் அதிகம். அவர் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்து, மைத்துனனிடம் விஷயத்தைச் சொன்னார்.



"அது உங்க வயசு வலி மாமா" என்றான் சும்மா. "உங்களுக்கும் அறுபது ஆகுதில்ல? நல்ல டாக்டரா பாருங்க."

அந்தக் குரலைச் சாவிக்கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். பதினொரு வருடம் அது அவருடைய குரலாக இருந்தது. பாவமாக இருந்தது அவருக்கு. அவரும் மனிதர்தானே, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. "நீ சொல்றதும் சரியா இருக்கலாம் தம்பி" என்று சொல்லி வைத்தார்.

கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு நடக்க, பத்து நிமிட வழி முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாய் முன்னால் ஓடி ஓடி, ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்பிப் பார்த்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே வருவதை மனைவி பார்த்தாள், துள்ளி வரும் நாயையும் பார்த்தாள். வெந்நீர் வைத்து ரப்பர் பையில் ஊற்றி, மூடியைத் திருகி, துணி சுற்றி எடுத்துவந்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய், நாயைப் படுக்கவைத்து, பையை அதன் வலது இடுப்பில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் இடுப்பில் இதமாகச் சூடு ஏறியது.