குளியலறைச் சுவர் வளைந்த கதை

“நான் இடது கண்ணால பாத்தா போதும், நேரா நிக்கிற சுவரு நெளியுது.”

சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து மேஸ்திரி இப்படிச் சொன்னபோது மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேலையில் இருந்த காலத்தில் தான் எழுப்பிய மாடியில் மேகம் வந்து முட்டித் தலை வீங்கிப் போனதாகவும், தன் அதட்டலுக்குப் பயந்து சிமெண்டு ஒரே நிமிஷத்தில் இறுகியதாகவும் சொன்ன வாய் அது.

“முதல்ல தட்டுல இருக்கறத முழுங்குங்க. அப்புறம் சுவர வளைக்கலாம்.”

ஆயுளில் முதல் தடவையாகக் கலப்படமில்லாத உண்மையைச் சொல்லியிருந்தார். அதுதான் விலை போகவில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டியவன் மனைவியின் தம்பி. ஒட்டி முடித்ததும் மேஸ்திரி வாசலில் நின்று பார்த்தார். வரிசை நடுவில் அலையடித்தது. மச்சான், சுவரின் நேர் பார்க்கும் ரசமட்டத்தை வைத்துக் காட்டினான். குமிழி அசையாமல் நடுவில் நின்றது.

“குமிழி என்னடா குமிழி. நான் பாக்காத சுவரா?” என்று பெயர்த்தெடுக்கச் சொன்னார். திரும்ப ஒட்டினான். திரும்பவும் அலை. “உனக்குக் கை போச்சு மச்சான்” என்றார், எதிர்வீட்டுக்காரர் காதில் விழும்படி. எதிர்வீட்டுச் சமையலறை வேலை மச்சானுக்கு என்று பேசி வைத்திருந்தது. மறுநாளே அது வேறொருவனுக்குப் போனது. மச்சான் பூச்சுக் கரணையைக் கழுவிக்கொண்டு போனவன்தான், அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

பிறகொரு காலை, சோப்பு நுரை எரிந்து இடது கண்ணை மூடிக்கொண்டார். வலது கண்ணுக்குச் சுவர் அச்சில் வார்த்ததுபோல் நின்றது. கண்ணை மாற்றி மூடினார். நெளிந்தது. ஜன்னல் கம்பியும் நெளிந்தது. கம்பியை மச்சான் ஒட்டவில்லையே. அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் மனைவியிடம் சொன்னது அதைத்தான்.

வீட்டில் எடுபடாத உண்மையை மச்சான் வீட்டுக்கே சுமந்து போனார். அவன் கதவைப் பாதிதான் திறந்தான்.

“அத்தான், புளுகுக்கும் ஒரு பூச்சு வேலை இருக்கு. இது ஒட்டவே இல்ல.”

“ஆஸ்பத்திரிக்கு நீயே கூட வா. டாக்டர் வாயால கேளு.”

“வர்றேன். உங்க குட்டு உடையறத நான் பாக்கணும்.”

கண் டாக்டர் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். டைல்ஸ் சுவரின் குட்டிபோல இருந்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, நெளிகிற இடத்தை மேஸ்திரி பென்சிலால் வளைத்தார். பிறகு திரையில் விழித்திரையின் படம் வந்தது. ஓரிடத்தில் மேடு தட்டியிருந்தது.

“சின்ன வயசுல எப்பவோ ஒரு கிருமித் தொற்று வந்து ஆறியிருக்கு. இது அந்தத் தழும்பு. இந்த வயசுல அது ஓரமா புது ரத்தக்குழாய் முளைச்சுக் கசியுது. கீழ நீர் கோத்து விழித்திரை எழும்பியிருக்கு. அதான் நேர்க்கோடு நெளியுது. ஊசி போட்டுப் பாப்போம். முன்னாடியே வந்திருக்கலாம்.”

“என்னுது ஊசியில நிக்கும் டாக்டர்,” என்றார் மேஸ்திரி. “இவன் பேர நான்ல கெடுத்து வச்சிருக்கேன்.” மச்சான் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “எதிர்வீட்டுக்கு நானே போறேன். போனது உன் கை இல்ல, என் கண்ணுன்னு சொல்லிட்டு வர்றேன்.”

மச்சான், ஈரம் ஏறிப் புடைத்த தரையைப் பார்ப்பதுபோல் திரையருகே குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

கூடவே வந்து வெளியே பெஞ்சில் காத்திருந்த அக்கா கேட்டாள், “என்னடா, டாக்டர்கிட்டயும் அளந்தாரா?”

“இல்லக்கா,” என்றான். “சுவரு நெளிஞ்சது நெசம்.”