பெரிய வியாழன் வரிசை

“டீச்சர், நான் இந்த வருஷம் ஜெரினா டீச்சர் வரிசையிலதான் நிப்பேன். எங்க கிளாஸ்ல எல்லாரும் பேசி வெச்சிட்டோம்.”

சத்துணவுக்குத் தட்டோடு நின்ற வேல்விழி, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல இதைச் சொன்னாள். அமிர்தம் டீச்சர் கேட்கவே இல்லை. “முட்டைய கீழ போட்றாதடி” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள். நான்கு எட்டு வைத்ததும் திரும்பி வந்தாள்.

“எல்லாரும்னா யாரு யாரு?”

“எல்லாரும்தான் டீச்சர். அஷ்ஃபாக், சுஹைனா, நானு, அன்புச்செல்வன்... அன்புச்செல்வன் மொதல்ல உங்ககிட்ட வரேன்னான். நாங்கதான் திட்டுனோம்.”

இந்த வேல்விழிக்குப் போன வருஷம்வரை, இரண்டாம் வகுப்பில், மூக்குத் துடைத்துவிட்டவள் அமிர்தம். ஜூன் மாதம் மூன்றாம் வகுப்புக்குப் போனாள். அதே ஜூனில்தான் மூன்றாம் வகுப்புக்கு ஜெரினா டீச்சர் வந்து சேர்ந்தாள். பத்தே மாதம்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குப் போகிற சாலையில் இருக்கிற அந்தத் தொடக்கப் பள்ளியை ஊரில் சிஸ்டர் ஸ்கூல் என்பார்கள். ஏசு தன் சீடர்களின் கால்களைக் கழுவிய பெரிய வியாழனன்று, அங்கே ஆசிரியர்கள் பிள்ளைகளின் கால்களைக் கழுவித் துடைத்துவிடுவது வழக்கம். எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளையானாலும் உண்டு. வேண்டாம் என்கிற பிள்ளை உட்கார வேண்டியதில்லை. ஆனால் தன் இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அப்படி ஒரு பிள்ளையை அமிர்தம் பார்த்ததில்லை. ஓரம் கோணிவிட்டதென்று கம்பெனிக்காரர்கள் ஒதுக்கிக் கொடுத்த வாஷ்பேசின்கள்தான் பாத்திரம். அடியிலிருக்கும் ஓட்டையைத் துணி உருட்டி அடைத்துக்கொள்வார்கள்.

இதில் ஒரே ஒரு விதி. எந்த டீச்சர் தன் காலைக் கழுவ வேண்டும் என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். டீச்சர் கூப்பிடக் கூடாது, கண் காட்டக் கூடாது. பெரிய சிஸ்டர், அதாவது தலைமையாசிரியை, வராந்தாவில் நின்று இதைக் கவனிப்பார்.

ஒவ்வொரு வருஷமும் நீளமான வரிசை அமிர்தத்துடையது. போன வருஷம் முப்பத்தோரு பேர்.

அன்று சாயங்காலம் வீட்டில் சோறு போடும்போது கரண்டி சட்டியில் கொஞ்சம் பலமாகத்தான் இடித்தது. ரயில்வே ஜங்ஷனில் வேலை பார்க்கும் அவள் கணவர் தங்கதுரை நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு மேல கோவம்?”

“எனக்கென்ன கோவம்? பல்லி மாதிரி கத்துறா, குரங்கு மாதிரி குதிக்கிறா, புள்ளைங்க பின்னாடியே ஓடுதுங்க. பாடம் நடத்துறதுன்னா அதுவா?”

“ஜெரினா டீச்சரா?”

“பேர் சொன்னனா நானு?”

“பத்து மாசமா வேற யாரைப் பத்தி இந்த வூட்ல பேச்சு? குழம்ப ஊத்து. உனக்குப் பொறாமை.”

“எனக்கா? அவ மேலயா? அந்தப் பொண்ணு வயசுக்கு எனக்குச் சர்வீஸு இருக்குது.”

“அதான் சொல்றேன்” என்றார் தங்கதுரை.

மறுநாள் காலை மணியடிப்பதற்கு முன்பே அமிர்தம் பெரிய சிஸ்டரின் அறை வாசலில் நின்றாள். இது ரம்ஜான் நோன்பு மாதம் என்பது ராத்திரி படுக்கும்போது நினைவுக்கு வந்திருந்தது.

“சிஸ்டர், நம்ம ஸ்கூல்ல எல்லாரையும் மதிச்சி நடக்குறோம் இல்லிங்களா. ஜெரினா டீச்சருக்கு நோன்பு நடக்குது. பச்சத் தண்ணி கூட பல்லுல படாது. வெயில்ல குந்தி, குனிஞ்சி நிமிர்ந்து அத்தனை புள்ளைங்களுக்குக் காலு கழுவுறதுன்னா தலை சுத்திடும். அதுவுமில்லாம இது நம்ம சடங்கு. அவங்க வூட்ல என்ன நெனப்பாங்களோ.”

“அவங்களே சொன்னாங்களா?”

“சொன்ன மாதிரிதாங்க சிஸ்டர். வாய விட்டு முடியாதுன்னு எப்படிச் சொல்லுவாங்க? புதுசா வந்தவங்க. நாமதான் பாத்து விட்டுடணும்.”

பெரிய சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எனக்குத் தோணவே இல்ல பாருங்க. நல்ல மனசு டீச்சர் உங்களுக்கு.”

அந்த வார்த்தை அமிர்தத்தின் கழுத்தில் கூசியது. ஆனாலும் நடந்து வரும்போது கால் லேசாக இருந்தது. யாரையும் வேறுபடுத்தாத பள்ளி என்று அட்மிஷனுக்கு வரும் பெற்றோரிடம் பெருமையாகச் சொல்கிறவள் அவளேதான். அதைச் சும்மா சொல்லவும் இல்லை, மனசாரத்தான் சொல்வாள். ஜெரினா எந்த மதம் என்பதில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் அந்த வரிசையில்தான்.

வியாழக்கிழமை காலை வராந்தாவில் ஐந்து பேசின்கள் இருந்தன. ஜெரினா முக்காட்டைச் சரிசெய்து, சேலையைத் தூக்கிச் செருகி, தோளில் மடிப்புக் கலையாத புது டவல் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். பேசின்களை எண்ணினாள். ஐந்தாம் வகுப்பு ராஜ்மோகன் சாரைப் பார்த்து, “ஒண்ணு குறையுதுங்களே சார்?” என்றாள். அவர் தெரியவில்லையே என்று கையை விரித்தார். அமிர்தம் தன் பேசினில் அடைத்த துணியை இன்னொரு முறை அழுத்திக்கொண்டிருந்தாள்.

பெரிய சிஸ்டர் மைக்கைத் தட்டினார்.

“புள்ளைங்களா, ஜெரினா டீச்சர் நோன்புல இருக்கிறாங்க. அதனால இன்னைக்கு அவங்க கால் கழுவல.”

மூன்றாம் வகுப்பிலிருந்து “போங்க சிஸ்டர்” என்று ஒரு சத்தம் வந்தது. அது வேல்விழி என்று பார்க்காமலே அமிர்தத்துக்குத் தெரிந்தது.

“சத்தம் வேணாம். அவங்க நமக்குக் கழுவலன்னா என்ன, நாம அவங்களுக்குக் கழுவுவோம். ஜெரினா டீச்சர், வந்து உக்காருங்க. யார் கழுவணும்னு நீங்களே சொல்லுங்க. புள்ளைங்களுக்கு உள்ள விதிதான் உங்களுக்கும்.”

பிள்ளைகள் ஹோவென்று கை தட்டினார்கள். ஜெரினா தோளிலிருந்த டவலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பெரிய சிஸ்டரைத்தான் சொல்லப் போகிறாள் என்று அமிர்தம் நினைத்தாள். தன்னை விட்டால் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள், யாரையாவது சொல்லட்டும்.

“அமிர்தம் டீச்சர்” என்றாள் ஜெரினா.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அமிர்தம் மண்டி போட்டாள். முழங்காலில் மளுக்கென்று சத்தம் கேட்டது. செம்பில் தண்ணீர் மொண்டு ஜெரினாவின் வலது காலில் ஊற்றினாள். மூன்றாம் வகுப்பு முழுக்க சுற்றி வந்து நின்றது. ராஜ்மோகன் சார் அவர்களைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையாக நிறுத்தினார்.

“சில்லுன்னு இருக்குதா?” என்றாள் அமிர்தம். ஏதாவது பேச வேண்டுமே.

“நல்லா இருக்குதுங்க டீச்சர்.” ஜெரினா குனிந்து குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“ம்.”

“நோன்புல முடியாதுன்னு நான் யாருகிட்ட சொன்னேன்?”

அமிர்தம் இடது காலை எடுத்தாள்.

“நேத்து பெரிய சிஸ்டர் என்கிட்ட, ‘அமிர்தம் டீச்சருக்கு உங்க மேல எவ்ளோ அக்கறை’ன்னாங்க. நான் என்னமோன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். இப்பதாங்க புரியுது. நோன்போடதானே தெனமும் நாலு மணி வரைக்கும் நின்னுக்கிட்டுப் பாடம் நடத்துறேன்? எங்க அம்மா இதுக்குன்னே கடைக்குப் போயி டவலு எடுத்தாந்தாங்க. எப்படியும் முப்பத்தஞ்சு புள்ளைங்க வரும்மான்னு சொல்லி வெச்சிருந்தேன்.”

“முப்பத்தஞ்சா?” அமிர்தத்தின் கை நின்றுவிட்டது. காலைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். “எண்ணியா வெச்சிருந்த?”

“நீங்க எண்ணலீங்களா?”

“நான் எதுக்கு எண்ணப் போறேன்?”

“முப்பத்தொண்ணு” என்றாள் ஜெரினா. “ஜூன் மாசத்துலருந்து கேட்டுக்கிட்டு இருக்குறேன் டீச்சர். ‘அமிர்தம் டீச்சர் வரிசை கேட் வரைக்கும் போச்சு, அமிர்தம் டீச்சர் காலுக்கு எண்ணெய் தடவி வுடுவாங்க.’ நான் ஒரு கதை சொன்னா, ‘அமிர்தம் டீச்சர் இதை வேற மாதிரி சொன்னாங்க’ன்னு இந்த வேல்விழி எந்திரிச்சி நிப்பா. எனக்கு எப்படி எரியும் தெரியுமா? முப்பத்திரண்டு வந்தாக் கூடப் போதும்னு இருந்தேன். ஒண்ணே ஒண்ணு கூட.”

அமிர்தத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வேல்விழி எழுந்து நின்று சொன்னாளா! அந்தச் சந்தோஷம் வந்த வேகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொள்ளப் போனாள். கையெல்லாம் ஈரம். எதிரே ஜெரினா சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. டவலை மடியில் வைத்து இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தாள்.

பத்து மாதமாக ராத்திரியில் தான் படுத்துப் புரண்ட அதே புரளலை இவளும் புரண்டிருக்கிறாள் என்று அமிர்தத்துக்குத் தோன்றியது. ஆனால் இவள் போய் யாரிடமும் எதையும் கோள் மூட்டவில்லை. பெருசாக ஒரு வரிசை வர வேண்டும் என்று புது டவலோடு வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அமிர்தம் பெஞ்சைப் பிடித்து எழுந்தாள்.

“சிஸ்டர், நோன்புல முடியாதுன்னு ஜெரினா டீச்சர் சொல்லல. நானா சொன்னேன்.”

பெரிய சிஸ்டர் கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டார். “ஏன்?” என்று அவர் கேட்டது மைதானம் முழுக்கக் கேட்டது.

“என் வரிசை கொறைஞ்சிடும்னு.”

இரண்டாம் வகுப்பில் யாரோ, “அய்ய, டீச்சரும் பொய் சொல்லுவாங்களா!” என்றார்கள். பெரிய சிஸ்டர் மைக்கை அணைத்தார். ராஜ்மோகன் சார் தன் பேசினையே உற்றுப் பார்த்தார். அமிர்தத்துக்குக் காது மடல் வரை சூடேறியது.

“நல்ல மனசுன்னு சொன்னேனே டீச்சர் உங்களை” என்றார் பெரிய சிஸ்டர். “ஸ்டோர் ரூம் சாவி எடுத்துட்டு வந்து இன்னொரு பேசின் எடுக்கணும்னா நேரமாவும். வெயிலு ஏறுது. என்ன பண்ணலாம் சொல்லுங்க.”

“என்னோடத அவங்களுக்குக் குடுத்துடுறேன்.”

“நீங்க?”

“தண்ணி ஊத்துறேன்.”

ஜெரினா ஈரக் காலோடு எழுந்தாள். “வேணாங்க டீச்சர், நான் பக்கத்துல வேணும்னா...”

“குந்து சொல்றேன். முழங்காலுக்குக் கீழ இந்தச் சாக்க மடிச்சிப் போட்டுக்க, இல்லன்னா நாளைக்கு எந்திரிக்க மாட்ட.”

ஜெரினா மண்டி போட்டாள். பெரிய சிஸ்டர் கை காட்டினார். பிள்ளைகள் ஓடினார்கள். அமிர்தத்தின் பிள்ளைகளும் அந்த பேசினுக்குத்தான் வந்தார்கள், மூன்றாம் வகுப்பும் அங்கேதான் வந்தது. வரிசை வராந்தாவைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி, கேட்டில் முட்டி, வளைந்து திரும்பியது. அமிர்தம் செம்பில் தண்ணீர் மொள்ளும்போதெல்லாம் எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டாவதாக வேல்விழி வந்து உட்கார்ந்தாள்.

“ஏண்டி, அந்தக் கை தட்டு தட்டுனியே. என்னை வுட்டுட்ட இல்ல?”

“போன வருஷம் உங்ககிட்டதான டீச்சர் வந்தேன். இந்த வருஷம் இவங்க. அவங்களுக்கும் ஆள் வேணும்ல?”

“அப்ப அடுத்த வருஷம்?”

வேல்விழி நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். ஜெரினாவும் அவள் காலைப் பிடித்தபடி, பதிலுக்காகத் தலையைத் தூக்கினாள்.

“அத அடுத்த வருஷம் பாத்துக்கலாம். மெதுவா ஊத்துங்க டீச்சர், பாவாடையெல்லாம் நனையுது!”