ஏட்டையாவும் ஆறு குஞ்சுகளும்

புதுத் துறைமுகம் திறந்த வருஷம் அது. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த சுந்தரராஜின் வீட்டுப் பின்புறத்தில் இரண்டு பெரிய வாத்துகள் இருந்தன. வளர்த்தது அவன் மனைவி, ஆரம்பப் பள்ளி டீச்சர் அற்புதமணி. பெட்டைக்கு ராணி என்று பெயர் வைத்தது அவள்தான். ஆண் வாத்துக்கு ஏட்டையா என்ற பெயரைத் தெருக்காரர்களே வைத்துவிட்டார்கள். தபால்காரரைக் கெண்டைக்காலில் கொத்தியும், நாய்களைத் தெருமுனை வரை விரட்டியும் அது சம்பாதித்த பெயர்.

ஒரு சனிக்கிழமை, ஆத்தூர் போய்விட்டு வந்த அற்புதமணி, ஓலைப்பெட்டிக்குள் ஆறு வாத்துக் குஞ்சுகளோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

“ஏளா, இதுகள ஏட்டையா உசுரோட விடுவாருன்னா நெனைக்க?” என்றான் சுந்தரராஜ்.

அவளுக்கும் அந்தக் கவலை இருந்தது. பழைய மீன்வலை ஒன்றை வாங்கி வரச் சொல்லி, குறுக்கே கட்டினாள். ஒரு பக்கம் பெரிசுகள், மறுபக்கம் குஞ்சுகள். கொஞ்ச நாள் பார்த்துப் பழகட்டும் என்பது அவள் கணக்கு. ஆனால் ஏட்டையா வலைப் பக்கமே திரும்பவில்லை. மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ‘எம்புட்டுக் கோவம் பாரு, முகங்குடுக்க மாட்டேங்கு’ என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு கோயில் விட்டு வந்ததும் வலையை அவிழ்த்தார்கள். கொத்த வந்தால் தடுக்க அவள் கையில் முறம். அவன் கையில் குடை. வலை சரிந்ததுதான் தாமதம், ஆறு குஞ்சுகளும் கீச்சுகீச்சென்று கத்திக்கொண்டு நேராக ஏட்டையாவைப் பார்த்து ஓடின. ஏட்டையா ஒரு கணம் விழித்தது. இரண்டடி பின்வாங்கியது. பிறகு தொண்டை கிழிய ஒரு சத்தம் போட்டு, இறக்கையை அடித்துக்கொண்டு இடுப்பளவு சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் விழுந்தது. ராணியும் பின்னாலேயே பறந்தது. அங்கே ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

சுந்தரராஜ் குடையை மடக்கிக்கொண்டு சிரித்தான். அற்புதமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வீடு ஹாஜரா பீவியுடையது. காயல்பட்டினத்துக்காரி, வீட்டுக்காரருக்குத் தோணி வியாபாரம். அவள் காயப்போட்டிருந்த மாவை வாத்துகள் மிதித்துவிட்ட நாளிலிருந்து இரண்டு பெண்களுக்கும் பேச்சு இல்லை. ‘சுவரை ஒசத்திக் கட்ட வேண்டியதுதானே’ என்று அன்று அற்புதமணி வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

வேறு வழியில்லாமல் போய்க் கதவைத் தட்டினாள்.

“வாங்க டீச்சர். ஒங்க ஏட்டையா எங்க அடுப்பாங்கரையில ஒளிஞ்சிருக்காரு” என்றாள் ஹாஜரா. “ஆரு அடிச்சா?”

“ஒருத்தரும் அடிக்கல. குஞ்சுகளப் பாத்துப் பயந்து ஓடியாந்துட்டு.”

ஹாஜரா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இவளுக்கும் அடக்க முடியவில்லை.

“அன்னைக்கு சுவரப் பத்திச் சொன்னது தப்புதான், ஹாஜரா.”

“அது போட்டும். தேத்தண்ணி குடிங்க.” டம்ளரை நீட்டிவிட்டு ஹாஜரா சொன்னாள்: “என்னக் கட்டுன மாப்பிளையும் இப்படித்தான். எங்க ஊர்ல மாப்பிளைதானே பொண்ணு வீட்டுக்கு வந்து இருக்கணும். மொத நாளே எங்க வீட்டுப் புள்ளைக அத்தனையும் மாமா மாமான்னு ஓடிப்போய்க் காலக் கட்டிக்கிட்டுதுக. தோணியப் பாத்துட்டு வாரேன்னு போனவுக, பொழுது சாஞ்சுதான் வந்தாக. அப்புறம் எங்க உம்மா ஒவ்வொரு புள்ளையா அனுப்பித்தான் பழக்குனாக.”

அற்புதமணி டம்ளரைக் கீழே வைத்தாள். “ஒவ்வொண்ணா காட்டிப் பாப்பமா?”

வீட்டுக்கு ஓடி, ஆறிலும் சின்னதை முந்தானையில் பொதிந்து கொண்டுவந்தாள். அடுப்பங்கரையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கியிருந்த வாத்துகளின் எதிரே விட்டாள். அது தத்தித் தத்திப் போய் ராணியின் நெஞ்சருகே நின்றது. ராணி கழுத்தை நீட்டி அலகைத் திறந்தது. அற்புதமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

“கண்ணத் தொறங்க டீச்சர்” என்றாள் ஹாஜரா.

ராணி குஞ்சின் தலை மயிரை மெல்லக் கோதிக்கொண்டிருந்தது. ஏட்டையா கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு கண்ணால் மட்டும் பார்த்தது.

அந்தக் குஞ்சை அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் இரண்டாவது குஞ்சைக் கொண்டுவந்தாள். அப்புறம் மூன்றாவது. பள்ளிக்கூடம் விட்டால் அற்புதமணி தன் வீட்டுக்குப் போகாமல் நேரே ஹாஜரா வீட்டுக்குப் போனாள். வாத்துகளைப் பார்த்த நேரம் கொஞ்சம். பேசிய நேரம்தான் அதிகம். ஆறும் சேர்ந்த அன்று பெரிசுகள் இரண்டும் குஞ்சுகளோடு தாமாகவே வீடு திரும்பின. குஞ்சுகள் கூட்டமாக ஓடிவந்தால் ஏட்டையா இன்னமும் ஓரடி பின்வாங்கும். ஆனால் சுவரைத் தாண்டவில்லை.

ஐப்பசி மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. ராணி முன்னால், ஆறு குஞ்சுகள் நடுவில், ஏட்டையா கடைசியில் என்று எல்லாம் நீந்திப் போவதை இரண்டு பெண்களும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

“டீச்சர், எனக்கு ரெண்டு குஞ்சு தருவியளா?”

“தாரேன். ஆனா தனியா வளராதுக. ஏட்டையாவையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க” என்றாள் அற்புதமணி.