படுதா வரியும் ஒரு மீசையும்

கடை முன்னால் தொங்கும் படுதாவுக்கு வரி என்று நகரசபை அறிவித்ததும் கடைத்தெரு கொதித்துப்போனது. படுதா வெளியே நீள்கிறதாம், அதன் நிழல் பொதுத்தெருவில் விழுகிறதாம், ஆகவே நிழலுக்குக் காசு. வரிக்குப் பயந்து பாதிப்பேர் படுதாவைச் சுருட்டிக் கட்டிவிட்டார்கள். தக்காளி மதியத்துக்குள் துவண்டது. செருப்புக்கடைக்காரர் ஒரு கையில் குடையும் மறுகையில் செருப்புமாக வியாபாரம் பார்த்தார்.

தெருக்கோடியில் கேலிப்படம் அச்சிட்டு விற்கும் பெண்ணுக்கு இது போதாதா? எல்லோருக்கும் அவள் படக்காரி. மரப்பலகையில் படத்தைச் செதுக்கி, மை உருட்டி, தாளை வைத்து அழுத்தி எடுப்பாள். அன்று அவள் செதுக்கியது ஒரு வரி அதிகாரி. நாற்காலியில் சாய்ந்திருக்கிறார், தலைக்கு மேல் பெரிய படுதா. அந்த நாற்காலியைக் காய்கறிக்காரியும் தையல்காரரும் வெயிலில் வியர்க்க வியர்க்கச் சுமக்கிறார்கள். கீழே, 'நிழல் எனக்கு, வரி உனக்கு.'

அதிகாரியின் முகம்தான் பிடிபடவில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவரை அவள் பார்த்ததே இல்லை. எதிரே அவள் கணவர் சாப்பிட்ட களைப்பில் கண்ணயர்ந்திருந்தார். அடுத்த தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். காதைத் தொடுகிற மாதிரி முறுக்கிவிட்ட மீசை. படக்காரி உளியை எடுத்தாள்.

படம் சுடச்சுட விற்றது. மறுநாள் கணவர் கடைத்தெருவில் கால் வைத்ததுதான் தாமதம்.

"வாங்க மகராசா! என் நிழல்ல நிக்கிறீங்க, காசை எடுங்க!" என்றாள் காய்கறிக்காரி.

விஷயம் புரிந்ததும் அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து குதித்தார். "ஊர்ல வேற மூஞ்சியே கிடைக்கலையா உனக்கு?"

"கிடைச்சுதுங்க. எதுலயும் இவ்வளவு களை இல்ல."

கோபத்தோடு வந்தவருக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. "மீசையை எடுத்துடறேன் பாரு," என்று மட்டும் சொன்னார்.

"எடுத்தா நீங்கதான் வரி போட்டீங்கன்னு உறுதியாயிடும்."

மீசை தப்பியது. ஆனால் அன்றிலிருந்து முடிவெட்ட உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அவரிடமே முறையிட்டார்கள். விளையாட்டாக ஆரம்பிப்பார்கள், பேசப் பேச நிஜமாகவே புலம்பிவிடுவார்கள். 'நான் என்னப்பா பண்றது' என்றவர், போகப்போகக் கத்தரியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினார்.

ஒரு காலையில் முன்பின் தெரியாத ஒல்லி மனிதர் ஒருவர் சவரத்துக்கு வந்தார். கணவர் சோப்பு நுரை பூசி ஒரு கன்னத்தை முடித்திருந்தார். பெஞ்சில் காத்திருந்த தையல்காரர் சும்மா இருக்கக்கூடாதா?

"என்ன வரி அதிகாரி, இன்னிக்கு யார் நிழலை அளக்கப் போறீங்க?"

ஒல்லி மனிதர் கண்ணைத் திறந்தார். "நீங்க வரி அதிகாரியா? அப்போ நான் யாரு?"

கணவரின் கை அந்தரத்தில் நின்றது.

"கத்தியைக் கீழ வெச்சுட்டுப் பேசலாமே," என்றார் அதிகாரி.

கணவர் கத்தியைக் கீழே வைத்தார். ஆனால் இத்தனை நாள் கேட்ட முறையீடெல்லாம் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. யாரோ கடைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்த படத்தைக் காட்டி, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அதிகாரி படத்தையும் மீசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் மிகையா தெரியுதே."

"நேர்லயே வந்து பாருங்க சார்."

கழுத்தில் துண்டும் ஒரு கன்னத்தில் நுரையுமாக அதிகாரி கடைத்தெருவுக்கு வந்தார். காய்கறிக்காரியின் தக்காளியைத் தொட்டுப் பார்த்தார். தன்பாட்டுக்கு நின்று விசாரித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கன்னத்தைத் தடவினார்.

"சோப்பு காஞ்சு இழுக்குதே!"

"படுதா இருந்தா காயாது சார்," என்றாள் காய்கறிக்காரி.

தெருவே சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார், காய்ந்த நுரை செதில் செதிலாக உதிர்ந்தது.

வரியைக் குறைக்கச் சொல்லி அவர் எழுதிப்போட்டதை நகரசபை இழுத்தடித்து ஒருவழியாக ஏற்றது. பெரிய கடைகளுக்கு வரி அப்படியே நின்றது, சின்னக் கடைகளுக்கு இல்லை. தெரு நெடுகப் படுதாக்கள் மறுபடி விரிந்தன. வியாபாரிகள் கூடை நிறைய ஆரஞ்சு எடுத்துக்கொண்டு நேரே கணவரிடம் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"செதுக்கினது நான், பழம் உங்களுக்கா?" என்று படக்காரி முறைத்தாள்.

"மூஞ்சி யாருது?"

அவர் ஒன்றை உரித்துப் பாதியை நீட்டினார். அவளுக்குக் கையெல்லாம் மை. வாயைத் திறந்தாள்.